மேசைமேல் வைத்த பேனா

1967ஆம் ஆண்டு மழைக்காலம். போர்ட் பிளேயரில் ஓர் அரசாங்கப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியை மணக்க முடிவு செய்தேன். அவள் அப்பா மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் படகு கட்டுபவர், தூத்துக்குடிக் கத்தோலிக்கர். நான் பிறந்தது இந்துக் குடும்பத்தில். பதினெட்டு வயதிலிருந்து கடவுள் நம்பிக்கை இல்லாதவன்.

அவள் அப்பா சுலபமான வழி சொன்னார். "ஞானஸ்நானம் வாங்கிட்டு வாரும். அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்."

எங்கள் தலைமை எழுத்தர், ஊர் முருகன் கோயிலின் கமிட்டிக்காரர். அவரிடமும் ஒரு வழி இருந்தது. "பொண்ணுக்கு லட்சுமின்னு பேர மாத்தி நம்ம கோயில்ல தாலி கட்டிடுப்பா. மெயின்லேண்டுல யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே சார்" என்றேன்.

இருவருக்கும் என் பதில் ஒன்றுதான்: பதிவுத் திருமணம். அதற்கு முப்பது நாள் எங்கள் பெயர்கள் பதிவு அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போடலாம். வேலையே இல்லாதவர்கள்கூட அந்தப் பலகையைப் பார்க்க வந்தார்கள். நோட்டீசை இரண்டு முறை கிழித்தார்கள். தினமும் மதியம் குடையோடு போய்ப் பார்ப்பேன். கிழிந்திருந்தால் குமாஸ்தாவை விடாமல் நச்சரித்து மறுபடி ஒட்டவைப்பேன். அன்றைய நாட்குறிப்பில் 'நோட்டீஸ் இருக்கிறது' என்று எழுதிய பிறகுதான் சாப்பாடு. கமிட்டிக்காரர்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். அவள் வீட்டில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஆட்சேபம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அவள் வெள்ளைப் புடவையில் தனியாக வந்தாள். என் சாட்சிகள் இரண்டு மலையாளிகள், ஒரு வங்காளி. பேனாவை எடுத்தாள். அப்போதுதான் அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்தேன்.

"அதைக் கழட்டிரு. எல்லாரையும் எதிர்த்துட்டு வந்து, சிலுவையோட நின்னா சிரிப்பாங்க."

அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"எங்கப்பா உங்கள மாறச் சொன்னாரு. உங்க ஆபீஸ்காரரு என் பேர மாத்தச் சொன்னாரு. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணும் கேக்கலைன்னு வீட்ட விட்டு வந்தேன். நீங்களும் ஒரு கமிட்டிதானா?"

பதிவு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தமிழ் புரியாத வங்காளி நண்பர், என்ன ஆயிற்று, சீக்கிரம் ஆகட்டும் என்று இந்தியில் தவித்தார். "க்யா ஹுவா பாய்? ஜல்தி கரோ!"

"தப்பு என்னுது. போட்டுக்கோ" என்றேன்.

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. ஞாயிறுதோறும் அவளை மாதா கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன், உள்ளே போவதில்லை. "ஒருநாள் மனம் திரும்புவீர்" என்கிறார்கள் அங்கே வருபவர்கள். மாட்டேன் என்கிறேன். முருகன் கோயில் கமிட்டி வருடாவருடம் திருவிழா வரிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கிறது. நானும் வருடாவருடம் போய் அதை அடித்துவிட்டு வருகிறேன். ஒரு மனுஷியின் பெயரையும் மனத்தையும் தன் சொத்தாக நினைத்த எந்த மதத்தையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் யாரிடமாவது "சாமியை விட்டுத்தொலை" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அந்த மேசைமேல் அவள் வைத்த பேனா என் கண்முன் வந்து நிற்கிறது.