பீரோவில் இருந்த சேலைகள்

மனைவி இறந்த மறு ஆண்டு, மகள் தலைப்பிரசவத்துக்குத் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தாள். தாயில்லாத வீட்டில் கர்ப்பிணியைத் தனியே விடலாகாதென்று அவளுடைய மாமியாரும் உடன் வந்து தங்கினார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். என் மனைவியின் சமையலறை இரண்டே நாளில் அவர் வசமானது.

ஒன்பதாம் மாதம் ஒரு காலை கேட்டார்: "அண்ணே, அண்ணியோட பழைய நூல்பொடவ ரெண்டு குடு, கிழிச்சி வெச்சிக்கணும். பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆவாது."

நான் கடைக்குப் போய் ஒரு கட்டு வெள்ளைத் துண்டு வாங்கி வந்தேன். அவர் ஒன்றைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னாண்ணே, வலை மாரி கீது. புள்ளைக்கா, மீனுக்கா?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓராண்டாக அவளை அப்படிச் சிரிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை.

துறைமுகத்து நிலக்கரித் தூள் படியுமென்று சொல்லி அந்தச் சேலைகளை நான் வெயிலில்கூடப் போட்டதில்லை. உண்மையில், மனைவியின் வாசனை போய்விடும் என்பதே காரணம். மகள் ஒன்று கேட்டபோதும் கொடுக்கவில்லை. இப்போது, முகம்கூடக் காட்டாத ஒரு குழந்தைக்கு அவை வேண்டியிருந்தன. சிசுவின்மீது பொறாமை கொள்வது தகாது என்று அறிந்தே பொறாமை கொண்டேன்.

ஒரு பிற்பகல், அந்தத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த மகள் சட்டென எழுந்து நின்றாள். தரையில் நீர் பரவியது.

"பனிக்கொடம் ஒடஞ்சிகிச்சி. பயப்புடாத கண்ணு," என்று மாமியார் அவள் இடுப்பைத் தாங்கினார். என் கை நீளுமுன் அவர் கை அங்கே இருந்தது. "அண்ணே, பாத்துகினே நிக்காத. ஆட்டோ சொல்லு. துணிய எடு."

மகள் என்னைப் பார்த்தாள். "துண்டே போதும்ப்பா," என்றாள்.

ஆட்டோவை அழைத்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தேன். மனைவி அதிகம் உடுத்திய நீல நூல்சேலையை எடுத்தேன். மாமியார் கைநீட்டினார், நான் கொடுக்கவில்லை. விளிம்பைப் பல்லால் கடித்து, நானே கிழித்தேன்.

"கரைய எடுத்துடுண்ணே. புள்ளைய உறுத்தும்."

ஆட்டோவில், வலி எழும்போதெல்லாம் மகள் அந்த நீலத் துணியை முகத்தோடு அழுத்தி மூச்சை இழுத்தாள். ஒவ்வொரு மூச்சிலும் ஏதோ குறைவதுபோல் எனக்கு இருந்தது. சட்டைப்பையிலிருந்து கையை எடுக்காமலே அமர்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மாமியார் கேட்டார். "இன்னாண்ணே, பையில இன்னா?"

"ஒண்ணுமில்ல," என்றேன். கரை என் விரல்களில் சுற்றியிருந்தது.