முதல் பங்கு

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் போதும், பேரிங் தேய்ந்திருந்தால் பிரிக்காமலே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்காரர், மனைவிக்குக் காது மந்தமாகி வந்ததை ஏழு வருடம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூலி கைக்கு வந்ததும் முதல் பங்கு கடவுளுக்கு. அரிசியும் வாடகையும் அப்புறம்தான். அப்படிச் சேர்ந்ததில்தான் பிரார்த்தனைக் கூடத்துக்கு நான்கு ஒலிபெருக்கிகள் வந்தன.

"காதுக்கு ஒரு மிஷின் வாங்கலாமாங்க?" என்று அவள் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே. கொஞ்சம் சத்தமாப் பேசினாப் போச்சு."

அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். கூடத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவள் எழுந்தால் தானும் எழுந்துகொள்வாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது, குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். அவள் திரும்பிப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்றாள்.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"ஆரம்பத்துலயே மிஷின் வச்சிருந்தா நல்லாப் பழகியிருக்கும் சார். இப்ப வச்சா சத்தம் கேக்கும். பேச்சு புரியறது கஷ்டம்" என்றார் அந்த டாக்டர் அம்மாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

முதல் தேதியன்று கூடத்துச் செயலாளர் கடைக்கு வந்தார். "ஒரு ஸ்பீக்கர் கரகரங்குது. நீங்க மனசு வச்சா மாத்திடலாம்."

"இந்த மாசம் முடியாதுங்க. வீட்ல அவளுக்குக் காது மிஷின் வாங்கறேன்."

"அப்ப கடவுள் பங்கு?"

"அதுலதான் வாங்கறேன். அவளைத் தாண்டி வந்து குடுன்னு கடவுள் என்னைக்கும் கேக்கலைங்க. நானாத்தான் தாண்டிப் போனேன்."

செயலாளர் அடுத்த கடைக்குப் போனார்.

அந்த வாரம் மோட்டார்காரர் முன்வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு, அவளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மிஷின் அவள் காதில் வெறும் இரைச்சலைத்தான் கொட்டியது. அவர் பில் புத்தகத்தை எடுத்து, மேடையில் பேசுவதைப் பின்பக்கத்தில் எழுதி எழுதி நீட்டினார்.

"உங்க எழுத்து காயில் சுத்தி வச்ச மாதிரி இருக்கு. ஒண்ணும் புரியல" என்றாள். ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. கூடமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அடுத்ததில் பெரிய பெரிய எழுத்தாக நிதானமாக எழுதினார்: என்னை மன்னிச்சிடு.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இதையா மேடையில சொன்னாங்க?"

இல்லையென்று தலையசைத்தார். அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் எழுந்தாள், இவளும் எழுந்தாள்.