போண்டா கழுத்தில் ஒரு மஞ்சள் டேக்

போன திங்கட்கிழமை காலை, ஹாலில் ‘டக் டக் டக்’ என்று சத்தம். எங்கள் நாய் போண்டா காதைச் சொறிகிறது, பின்னங்கால் தரையில் இடிக்கிறது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஏன் என்று சொல்ல மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

அப்போதும் இதே சொறிதான். காதுக்குப் பின்னால் முடி கொட்டி, புண்ணாகி, ரத்தம் கசிந்தது. பிள்ளைப்பாக்கம் ரோட்டோரம் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். சொறிந்துகொண்டே என்னைப் பார்த்து வாலையும் ஆட்டும். பார்க்கவே சகிக்காது.

“எல்லாம் கிரெயினால வர்றது சார். கிரெயின் ஃப்ரீக்கு மாத்துங்க” என்றார் நாய்த் தீனிக் கடைக்காரர். அதாவது அரிசி, கோதுமை, சோளம் எதுவும் சேராத உலர் உணவு. பாக்கெட்டில் கம்பீரமாக ஒரு ஓநாய் படம். மயங்கி வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பொடி எழுத்தைப் படித்தேன். தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள்? பட்டாணி, உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு. எந்த ஊர் ஓநாய் மரவள்ளிக்கிழங்கு தோண்டித் தின்றது?

ஒரு மாதம் ஆனது. சொறி குறையவில்லை.

பக்கத்து வீட்டு அமலா, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். “முன்ன போட்ட பாக்கெட்ட வச்சிகினு கீறீங்களா சார்?” என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகப் படித்தார்.

“இன்னா சார் நீங்க... மாத்துனது அரிசிய மட்டும்தான். சிக்கன் ரெண்டுலயும் கீது. அத்த யாரு செக் பண்றது?”

இல்லாததைப் பெரிய எழுத்தில் போட்டால், இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

வாலாஜாபாத் டாக்டரும் அதையேதான் சொன்னார். “தானியம் ஒத்துக்காத நாய் கம்மிதான். சிக்கன், பீஃப், பால், இதுங்கதான் நிறைய வம்பு பண்ணும். கிரெயின் ஃப்ரீ உணவுல சிலது நாயோட இதயத்துக்கு நல்லதான்னே இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க. எட்டு வாரம் மீனும் அரிசியும் மட்டும் குடுங்க. வேற ஒரு துணுக்கு உள்ள போகக் கூடாது. அப்படியும் அடங்கலன்னா அரிப்புக்குக் காலம் பூரா மாத்திரைதான்.”

காலம் பூரா. போண்டாவுக்கு வயது மூன்றுதான்.

வீட்டில் சமாளிக்கலாம். தெருமுனையில்? அங்கே காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வரும். போண்டா தினமும் போய் எல்லோரையும் ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். கட்டிப் போட்டால் தெருவே திரண்டு வரும்படி அழும். பஸ்ஸுக்கு நிற்பவர்களோ ஆளுக்கொரு சிக்கன் பஃப்ஸ் துண்டு, சிக்கன் ரோல் துண்டு... கெஞ்சிப் பார்த்தேன். “பாவம் சார், ஒரு வாய்தானே” என்றார்கள்.

அமலா சிரித்தார். மறுநாள் ஒரு மஞ்சள் அட்டையில் ‘ஹோல்ட்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, போண்டாவின் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டார். கம்பெனியில் சந்தேகமான பார்ட்டுக்கு இந்த மஞ்சள் டேக்கைத்தான் கட்டுவார்களாம். குவாலிட்டி ஆள் வந்து கழற்றும்வரை மேனேஜரே ஆனாலும் தொடக் கூடாது.

“சிவப்பு கட்டியிருக்கலாமே, இன்னும் பளிச்சுனு தெரியும்?” என்றேன்.

“சிவப்பு ரிஜெக்ட் சார். ஸ்கிராப்புக்குப் போய்டும்.”

அடுத்த நாள் காலை நானும் போய் நின்றேன். ஒருவர் பஃப்ஸைப் பிய்த்துக்கொண்டு குனிந்தார். டேக்கைப் பார்த்தார். நிமிர்ந்தார். “டேய், ஹோல்ட்ல கீதுப்பா. கை வைக்காத” என்று பக்கத்தில் நின்றவரையும் தடுத்தார். அவ்வளவுதான். நான் ஒரு வாரம் கெஞ்சி நடக்காதது, ஒரு துண்டு அட்டையில் நடந்துவிட்டது. நமக்கெல்லாம் அறிவுரை ஏறாது. பழகிய விதி என்றால் மட்டும் கை தானாக நிற்கிறது... விசித்திரம்தான்.

ஐந்து வாரத்தில் புண் ஆறி, காதுக்குப் பின்னால் பூனை முடி மாதிரி முளைத்தது. நான் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வேன். அத்தனை சந்தோஷம்.

அப்புறம்தான் போன திங்கட்கிழமை. டக் டக் டக்.

அமலா விசாரணைக்கு வந்தார். “பஸ் ஸ்டாப்ல யாரும் தொடல சார், நான் அங்கதான நின்னுகினு இருந்தேன். வூட்டுக்குள்ள யாரு?”

என் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து சிக்கன் பிரியாணி. மேஜைக்கு அடியில் இரண்டு கண்கள். ஒரே ஒரு துண்டு... பாவம், ஒரு வாய்தானே என்று நினைத்தேன்.

எட்டு வாரம் மறுபடி முதல் நாளிலிருந்து ஓடுகிறது. மீனும் அரிசியும்தான். போண்டா தட்டை நக்கிப் பளபளவென்று வைக்கிறது. ஆனால் அமலா இந்த முறை இரண்டு மஞ்சள் டேக் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒன்று போண்டா கழுத்தில். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், என் சட்டைப் பையில்.