எல்டார் தேடிய தோட்டா

எல்டாருக்கு வீட்டில் எதையும் மாற்றப் பிடிக்காது. டிராக்டர் அவன் அப்பா வாங்கியது. சமையலறைத் திரைச்சீலை, மனைவி ராக்னா கல்யாணமாகி வந்த வருஷம் தைத்தது. ஆட்டுக்கொட்டகைக் கதவைக் காற்று பிடுங்கி, மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டுக் கடலில் போட்ட பிறகுதான் புதுக்கதவுக்கே சம்மதித்தான். மான் தோட்டா மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம் மாறிவிடும்.

"இந்த வருஷம் எந்தத் தோட்டாடா புதுப் பொண்ணு?" என்று வேட்டைக்குழுவில் கேட்பார்கள். எல்டார் சிரிக்கமாட்டான். குண்டின் எடை, வேகம், உடம்புக்குள் போய் எப்படி விரியும் என்று ஆரம்பித்துவிடுவான். காபி ஆறிப்போகும். கேட்டவன் ஏன்டா வாயைத் திறந்தோம் என்று எழுந்து போவான்.

இந்தப் பைத்தியம் அவனுக்குச் சும்மா பிடிக்கவில்லை. இளவட்டமாக இருந்தபோது, வைக்கோல் அறுத்த வயலோரம் ஒரு சாயங்காலம் பெண் மான் ஒன்றைச் சுட்டான். தாயில்லாத கன்று பிழைக்காது என்பதால், கன்றை முதலில், தாயைப் பிறகு சுடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். புதருக்குள் கன்று நின்றதை அவன் பார்க்கவில்லை. அடிபட்ட தாய் காட்டுக்குள் ஓடிவிட்டது. மறுநாள் மதியம்தான் கிடைத்தது. ஓடைக்கரைச் சேற்றில் தாடையை வைத்துப் படுத்திருந்தது, உயிரோடு. கன்று பக்கத்திலேயே நின்றது. மனுஷனைக் கண்டும் நகரவில்லை.

மகன் முகத்தைப் பார்த்த அப்பா, "உன் மேல தப்பில்ல. தோட்டா சரியில்ல" என்றார். ஆறுதலுக்குச் சொன்ன சொல். எல்டார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அதிலிருந்து ஒரே ஓட்டம். சுட்ட இடத்திலேயே மான் விழ வேண்டும், அது வலியே அறியக் கூடாது, அதற்கு ஒரு தோட்டா வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு மான் தப்பி ஓடினால் அடுத்த வருஷம் இன்னும் பெரிய தோட்டா வரும். அதற்கு இன்னும் பெரிய துப்பாக்கியும் வரும். ஈயக் குண்டு சிதறுகிறது என்று செம்புக் குண்டுக்குப் போனான். வேட்டை தொடங்கும் செப்டம்பர் வந்தால் துப்பாக்கியின் உதையில் அவன் வலது தோள் கன்றிப்போய்க் கிடக்கும். ராக்னா தைலம் தேய்த்துக்கொண்டே திட்டுவாள்.

"மானுக்கு வலிக்கக் கூடாதுன்னு நீ வலி வாங்கிட்டு வர்றியா?"

"எனக்கு என்ன, ஆறிடும்" என்பான்.

போன இலையுதிர்காலத்தில் மறுபடியும் ஒன்று ஓடியது. அடிபட்ட மானைத் தேடுவது எங்கள் ஊரில் தூரிட்டின் வேலை. பாம்சே என்ற நாயைக் கூட்டிக்கொண்டு வருவாள், மழையென்றும் பார்க்கமாட்டாள். அன்றைக்குக் கண்டுபிடித்து, சுட்டு முடித்து, நனைந்துபோய்த் திரும்பினாள்.

"முன்னங்கால்ல பட்டிருக்கு எல்டார். போன தடவ நெஞ்செலும்புக்குக் கீழ. அதுக்கு முந்தியும் கீழதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். வேகம் பத்தல. குண்டு போற வழியிலயே எறங்கிடுது."

"வயலுக்கு அந்தப் பக்கம், இவ்ளோ கிட்ட நிக்கிற மானுக்குக் குண்டு எங்கப்பா எறங்கும்?"

எல்டார் காதில் வாங்கவில்லை. இன்னும் வேகமான தோட்டா எது என்று அவன் மனம் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. குழுத்தலைவன் ஸ்வெர்ரெ பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னான்: "இன்னொண்ணு அடிபட்டு ஓடிச்சுன்னா நீ துப்பாக்கிய வீட்ல வச்சிட்டு வா. கறி தூக்கவும் ஆள் வேணும்."

அந்தக் குளிர்காலம் எல்டாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மான் உடம்புக்குப் பதிலாக, நனைத்த செய்தித்தாளைக் கட்டுக்கட்டாகக் கல்குவாரியில் அடுக்கிச் சுட்டான். உள்ளே போன குண்டைத் தோண்டி எடுத்து எப்படி விரிந்திருக்கிறது என்று பார்த்தான். ஜன்னல் விளிம்பெல்லாம் செம்புப் பூக்கள். ராக்னாவின் பூந்தொட்டிகள் தரைக்கு இறங்கின. ராத்திரி சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் ஒரு குண்டை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். கடைசியில் இரண்டு தோட்டாக்கள் தேறின. இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆகஸ்டில் குழு முழுவதும் குவாரியில் குறி பார்க்கக் கூடியது. எல்டாருடைய நேர்மையைச் சொல்ல வேண்டும். தூரிட்டைக் கூப்பிட்டு இரண்டு வகைத் தோட்டாவையும் கையில் கொடுத்தான்.

"எது எதுன்னு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நான் பாக்காம நீயே மாத்தி மாத்திப் போடு."

"சரி, அந்தப் பக்கம் திரும்பு" என்றாள்.

முதல் வெடி. குவாரிச் சுவர் அதிர்ந்தது. இரண்டாவது வெடி. மூன்றாவதற்கு விசையை இழுத்தான். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. தூரிட் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்திருந்தாள்.

வெடிக்காத துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும். எல்டாரின் துப்பாக்கி அசைந்தது. தோள் முன்னால் பாய்ந்தது, குழல் தரையைப் பார்த்துக் குத்தியது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. எல்லோரும் பார்த்தார்கள். ஸ்வெர்ரெ சிரிக்க வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

எல்டார் கண்ணைத் திறந்தான். குழல் காட்டும் இடத்தைப் பார்த்தான். கீழே. அவனுக்கு விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. துப்பாக்கியின் உதைக்கு அவன் உடம்பு பயந்துபோயிருந்தது. இரக்கப்பட்டுப் பெரிய தோட்டா வாங்கினான், அதற்குப் பயந்து குறி தவறினான், தவறியதற்காக இன்னும் பெரியது வாங்கினான்.

"எத்தன மான் தூரிட், இப்படி?"

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே, "நான் கண்டுபிடிச்சதுல முக்காவாசி" என்றாள்.

கண்டுபிடிக்காதது அந்தக் கணக்கில் இல்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது வழியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான்.

பெரிய துப்பாக்கியை விற்றான். ராக்னாவும் வேட்டைக்குப் போகிறவள்தான்; அவளுடைய சின்னத் துப்பாக்கி மானுக்குச் சட்டப்படி போதும், உதையும் பெரிதாக இல்லை. கொட்டகையில் வெற்றுத் தோட்டா போட்டு, சுவரில் ஒரு ஆணியைக் குறி வைத்து, தினமும் விசையை இழுத்துப் பழகினான். ஆடுகள் சலித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேட்டைக்காலம் தொடங்கி இரண்டாம் வாரம், ராக்னாவும் அவனும் வயலோரம் மறைவில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒரு கன்று தனியாக வெளியே வந்து பக்கவாட்டில் நின்று மேய ஆரம்பித்தது. இதைவிடத் தோதாக எந்த மானும் நிற்காது. எல்டார் மூச்சை அடக்கிக் குறி வைத்தான். விரல் விசையைத் தொட்டது. இமை தானாகத் துடித்தது.

விரலை எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடியும் துடித்தது.

"சுடு எல்டார், போயிடப் போவுது" என்று ராக்னா கிசுகிசுத்தாள்.

பெரும்பாலும் சரியாகவே படும். அந்தப் 'பெரும்பாலும்' அவனுக்குப் போதவில்லை.

"கண்ணு மூடுது ராக்னா. என்னால முடியல. நீ சுடு."

அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். கன்று நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது.

கிட்டப் போனபோது அதன் வாயில் பாதி மென்ற புல் இருந்தது. எல்டார் மண்டியிட்டுச் சூடான கழுத்தில் கை வைத்தான்.

"இதுக்குத் தெரியவே இல்ல" என்றான்.

"தெரியல" என்றாள் ராக்னா.

அங்கேயே உட்கார்ந்தபடி ஸ்வெர்ரெவுக்குப் போன் போட்டான். இந்த வருஷம் இனி தான் சுடப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, கறி தூக்க எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டான்.

ஸ்வெர்ரெ கேட்டான்: "என்னடா, ஏதாவது ஓடிடுச்சா?"

"ஒண்ணும் ஓடல ஸ்வெர்ரெ. ஓடிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."