புழு வீட்டில் புகுந்த புகை

ஓசூரில் மத்திய வங்கிக் கட்டடத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டும் காண்ட்ராக்டர் சிவராஜ். அந்த ஜெனரேட்டரின் டீசல் புகை வேலி தாண்டிப் புகுந்து, பக்கத்தில் குடியிருந்த பள்ளிச் சிறுமி பிரவீனாவின் வீட்டில் கூடு கட்ட இருந்த பட்டுப்புழுக்களைத் தட்டு தட்டாகச் சாகடித்தது. நியாயம் கேட்டுப் போன அவள் அம்மாவை, "எங்க ஜெனரேட்டர்ல புகையே வராதும்மா" என்று சிரித்தே துரத்தினார்.

அந்தச் சிரிப்பைப் பிரவீனா மறக்கவேயில்லை. படித்து, கட்டடங்கள் கக்கும் கரியமில வாயுவைக் கணக்கிடும் வேலையில் சேர்ந்தாள். வங்கி தன் கரியமில வாயு வெளியேற்றத்தை அறிக்கையாக வெளியிட முடிவெடுத்தபோது, ஓசூர்க் கட்டடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜெனரேட்டர் எரித்த டீசலில் ஒரு சொட்டைக்கூடக் கணக்கில் விடவில்லை.

சிவராஜ் அவளைத் தேடி ஓடி வந்தார். "இந்தக் கணக்கப் பாத்தா காண்ட்ராக்ட் போயிடும் மேடம். புகையக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க."

"எங்கம்மாகிட்ட புகையே வராதுன்னீங்களே. வராத புகைய எப்படி சார் கொறைக்கறது?"