பேனாவில் அப்பா, பென்சிலில் அம்மா

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் பவுன் அம்மாள் எழுதத் தொடங்குவார். பேனாவுக்கு அந்த மரியாதை கிடையாது. அது இழுப்பறையில் மை கசிந்து கிடக்கும். பென்சிலின் இடம் கொண்டை. எழுதி முடித்ததும் கை தானாகப் பின்னால் போய் அதைச் செருகிவிடும்.

மராத்தி பேசும் ஊரான கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவர் எழுத்தர். ஆரணிக்காரர். வயது ஐம்பத்தேழு. இருபத்தெட்டு வருடமாக அதே ஜன்னல், அதே மர நாற்காலி, காலுக்கடியில் அதே செங்கல். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். "நான் டீச்சர் இல்ல, கிளார்க்கு. டீச்சருங்க மறந்துடுவாங்க, நான் மறக்க மாட்டேன்" என்பார்.

யாரைப் பார்த்தாலும் பெயருக்கு முன்னால் பிறந்த தேதியைக் கேட்பது அவர் வழக்கம். காய்கறிக்காரரிடமும் கேட்பார், வங்கி மேலாளரிடமும் கேட்பார். கேட்ட தேதியைத் தலைக்குள் எங்கோ வரிசையில் வைத்துக்கொள்வார். பத்து வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தால், "நீ அறுவத்தொம்பது மார்ச்சு தானே? இன்னும் கல்யாணம் ஆவல?" என்று நடுத்தெருவில் விசாரிப்பார்.

அவருடைய உலகம் ஒரு பெரிய பதிவேடு. சேர்க்கைப் பதிவேடு என்று அட்டையில் இருக்கிறது. அவர் 'ரிஜிஸ்டர்' என்பார். பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்கு அதிலிருந்து எடுத்து எழுதித் தரும் சான்றிதழுக்கு, ஊர் வழக்கப்படி, 'தாக்லா' என்று பெயர். கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒருவனின் வயது அந்தத் தாக்லாவில் உள்ள வயதுதான்.

ஒரு பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலும் அதே கதைதான். அதனால் கட்கியில் பிள்ளை பிடிபட்ட வீட்டார் முதலில் வக்கீலிடம் ஓடுவதில்லை, பவுன் அம்மாளின் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். வருடத்துக்கு மூன்று நான்கு பேராவது வருவார்கள். அழுகிறவர்களை முதலில் உட்கார வைப்பார். பிறகு விரல் விட்டுச் சொல்வார்.

"பதினெட்டு ஆவலன்னா ஜாமீனுக்குக் கெஞ்ச வேணாம். குடுத்தே ஆவணும், சட்டம் அது. மூணே மூணு கேள்வி கேப்பாங்க. வெளிய வுட்டா ரவுடிங்களோட சேருவானா? வுட்டா அவனுக்கே எதுனா ஆபத்து வருமா? வுட்டா கேசு கெட்டுப் போவுமா? மூணுத்துக்கும் இல்லன்னா ஊட்டுக்கு அனுப்பிடணும். எங்க, பொறந்த தேதி சொல்லு."

பையன்களுக்கு முன்பு பதினாறுதான் வரம்பு. புதிய சட்டம் 2001 ஏப்ரலில் பதினெட்டாக்கியது. பல காவலர்களின் வாயில் இன்னும் பதினாறுதான் வரும். "இல்லை மாவ்ஷி, பதினாறு" என்று, தங்கள் சித்தியிடம் பேசுவதுபோல அவரிடம் சொல்வார்கள். அவர் பர்ஸிலிருந்து புதிய சட்டத்தை மராத்தியில் எழுதிய ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார். அந்த அட்டை நான்கு முறை நனைந்து காய்ந்தது.

அவர் ஒரு தொழில் ரகசியம் வைத்திருந்தார். எனக்கு அது சென்ற நவம்பரில் தெரிந்தது.

என் தம்பி முகுந்த் பாலிடெக்னிக் மாணவன். அந்தத் திங்கட்கிழமை காலை நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனான். பைக் திருட்டு பைக். இருவரையும் பிடித்தார்கள். முகுந்தின் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து, வயது பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கோர்ட், அங்கிருந்து எரவாடா ஜெயில் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வீட்டில் அவனுக்குப் பதினேழு. ஆகஸ்டில்தான் பதினேழு மெழுகுவத்தி வைத்தோம். தாளில் ஒரு வயது கூட. பள்ளியில் சீக்கிரம் சேர்ப்பதற்காக அப்பா கூட்டிச் சொன்னது. அதுவரை அது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை. இது நடந்தபோது அப்பா இறந்து நாற்பது நாள். அம்மா ஆறு வருடத்துக்கு முன்பே போய்விட்டார். நான் சொன்னதை சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "கூட்டிச் சொன்னவரை அழைத்து வாருங்கள்" என்றார்.

நான்கு மணிக்கு ஜன்னலுக்குப் போனேன்.

"பன்னெண்டு எட்டு" என்றார் பவுன் அம்மாள், நான் வாய் திறக்கும் முன்பே. "ஒன் தம்பி, கோவிந்தராஜன் மவன். இன்னா பண்ணான்?"

சொன்னேன். பதிவேட்டை எடுத்து, 1990 ஜூன் பக்கத்தைத் திறந்தார். நீல மையில் அவருடைய குண்டு எழுத்து: 12-8-1984. மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். பதிவு எதைச் சொல்கிறதோ அதுதான் என்று தெரியும். எழுந்துகொண்டேன்.

"இன்னா அவுசரம், குந்து" என்றார். பதிவேட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வரிசையின் கடைசியில், குறிப்பு என்ற கட்டத்தின் மூலையில், எறும்பு அளவில் பென்சில் எழுத்து. 85.

"பேனாவுல அப்பன் சொன்னது. பென்சில்ல ஆத்தா சொன்னது. எல்லா அப்பனும் இந்த ஜன்னல்ல வந்து வயச கூட்டுவான். கையெழுத்துப் போடறது அவன், அவன் சொல்றத எழுதணும். ஆனா ஆத்தாவுக்குப் பொய் வராது பாரு. ஒங்கப்பா எம்பத்தி நாலுன்னு சொல்லிகினு இருக்கார். ஒங்கம்மா பின்னாடி நின்னுகினு எனக்கு மட்டும் தெரியற மாதிரி அஞ்சு வெரல காட்டுது."

தன் கையை விரித்துக் காட்டினார்.

மேசையில் ஒரு தகர டப்பா, அதில் ஒரு ரப்பர். அதை உருட்டிக்கொண்டிருந்தார். பென்சில் எழுத்துகளுக்கு அவர் வைத்திருந்த விதியை அப்போதுதான் சொன்னார். வீட்டார் பின்னால் ஒரு நாள் முனிசிபாலிட்டி சான்றிதழ் கொண்டுவந்து தேதியைத் திருத்திக்கொண்டால், பென்சிலை அழித்துவிடுவார். "நெசம் பேனாவுல ஏறிடுச்சுன்னா பென்சில் எறங்கிடணும். இல்லன்னா ரிஜிஸ்டர் அசிங்கமாப் பூடும்."

"இதைக் கோர்ட்டில் காட்ட முடியுமா?"

"காட்டினா, தெரிஞ்சே தப்பு எழுதினவ நான்னு ஆவும். ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் கீது." ரப்பரை டப்பாவில் போட்டு மூடினார். "ஹெட்மாஸ்டர் கெளம்பிடப் போறாரு. ரிஜிஸ்டர் வெளிய போவணும்னா லெட்டர் வேணும். நட."

மறுநாள் ஆட்டோவில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பழைய சுங்குடிச் சேலையில் சுற்றியிருந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "ஒனக்கு இதோட வெயிட்டு தெரியாது" என்றார். வக்கீல் இஸ்மாயில் கோர்ட் வாசலில் காத்திருந்தார். கட்கி கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருக்கும் வாணியம்பாடிக் குடும்பத்துப் பையன். பவுன் அம்மாளின் பதிவேட்டில் அவரும் உண்டு.

"பவுனக்கா, யோசிச்சுக்கங்க. மெமோ வரும்."

"நீ எழுவத்தி ரெண்டு. எனக்குப் புத்தி சொல்ற வயசா?"

பதினோரு மணிக்குக் கோர்ட் ஊழியர் உரக்கக் கூப்பிட்டார்: "கோவிந்தராஜன்." இந்த ஊர்ப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் அப்பா பெயரைத்தான் எழுதுவார்கள். முகுந்த் கை தூக்கினான். நான் தரையைப் பார்த்தேன். பவுன் அம்மாள் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண். மராத்தியில் கேட்டார், பவுன் அம்மாள் மராத்தியில் பதில் சொன்னார்.

"இது யார் எழுத்து?"

"என் எழுத்து."

"பென்சிலும்?"

"பென்சிலும்."

"எது உண்மை?"

"பென்சில்."

"அப்படியானால் பேனாவில் தெரிந்தே தவறாக எழுதினீர்கள்."

"ஆமாம் சாஹேப்."

"ஏன்?"

"அப்பா கையெழுத்துப் போடுகிறார். அம்மாவைக் கேட்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை."

போலீஸ் தரப்பில், பென்சிலால் நேற்று மாலைகூட எழுதியிருக்கலாம் என்றார்கள். இஸ்மாயில் மற்ற பக்கங்களையும் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் தானே புரட்டினார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினோரு இடங்களில் பென்சில் இருந்தது. எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்தபோது, எதிர்ப் பக்கத்தில் விரலை வைத்தார். பன்னிரண்டு வருடம் மூடியே கிடந்ததில் பென்சில் கரி அங்கே ஒட்டி, 85 இடவலம் மாறி மங்கலாகப் படிந்திருந்தது.

வயதில் சந்தேகம் இருக்கிறது, அவன் பிறந்த ஆரணியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைக்க வேண்டும், அதுவரை சிறுவனாகவே கருதி சிறார் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. அன்று முகுந்த் ஜெயிலுக்குப் போகவில்லை, சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். இரண்டும் எரவாடாவில்தான். வாசல் வேறு.

வியாழக்கிழமை வாரியம் கூடியது. பவுன் அம்மாள் சொன்ன மூன்று கேள்விகளையும் ஏறக்குறைய அதே வரிசையில் கேட்டார்கள். நன்னடத்தை அலுவலர் முகுந்திடம், சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய், யார் சமைக்கிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். ஜாமீன்தாரர் யாரையும் கொண்டுவரச் சொல்லவில்லை. அவனை என் பொறுப்பில் வைத்துக்கொள்வேன், கூப்பிடும்போது அழைத்து வருவேன் என்று நான் எழுதிக் கையெழுத்திட்டதே போதுமானதாக இருந்தது. மாதத்தின் முதல் திங்கள் அவன் அலுவலரைப் பார்க்க வேண்டும்.

மூன்று மணிக்கு வெளியே வந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. பவுன் அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொறந்த தேதி இன்னா?"

முகுந்துக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். "பன்ரெண்டு… எட்டு… எய்ட்டி ஃபோர்."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். "எம்பத்தஞ்சுடா. இதுக்குத்தான் ரெண்டு நாளா நான் கோர்ட்டு ஏறினது."

அவன் சிரித்தான். அப்பா போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும், பைக்கில் ஏறுமுன் அதன் காகிதத்தைப் பார்க்கத் தெரியாதா என்று அவனை வறுத்தெடுத்தார். பிறகு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்.

மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கையோடு விட்டார்கள். "இன்னா இப்ப, ஃபைலு கொஞ்சம் குண்டாச்சு" என்றார். பென்சில் கொண்டையில்தான் இருக்கிறது. ஒரு மாற்றம் மட்டும்: இப்போதெல்லாம் சேர்க்கைக்கு வரும் அப்பாக்களிடம், "அம்மா எங்க? கூட்டிகினு வா, அப்பறம் எழுதலாம்" என்கிறார். வரிசை நீளமாகிறது. அவர் கவலைப்படுவதில்லை.

ஆரணிச் சான்றிதழ் ஜனவரியில் வந்தது: 12-8-1985. திருட்டு முகுந்துக்குத் தெரியாது என்று நண்பனே சொன்னான். மார்ச்சில் வாரியம் அறிவுரை சொல்லி வழக்கை முடித்தது. முதல் திங்கள்கள் நின்றன. அவன் மூன்றாம் செமஸ்டரில் இரண்டு பாடம் தவிர மற்றதெல்லாம் தேறிவிட்டான்.

பதிவேட்டைத் திருத்தக் கல்வி அலுவலக உத்தரவு இந்த ஜூனில்தான் கிடைத்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பவுன் அம்மாள் இரண்டு முறை படித்தார். இழுப்பறையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து 1984-ஐ ஒரே கோட்டில் அடித்தார். மேலே 1985 என்று எழுதினார், உத்தரவு எண்ணைப் போட்டார், ஊதிக் காய வைத்தார். பிறகு தகர டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்துக் குறிப்புக் கட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோனார்.

அங்கேயே நிறுத்தி என்னைப் பார்த்தார். ரப்பரை டப்பாவில் போட்டார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, முனையை நாக்கில் தொட்டு, மங்கியிருந்த ஐந்தின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.