பதினாறு பக்கம்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. வகுப்பில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்த பிறகு இது இன்னும் மோசம். வீட்டில் சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் என் கணவர் இப்போது எனக்கு நாற்காலியே இழுத்துப் போடுவதில்லை.

அந்த வருஷம் என் படபடப்புக்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. முந்தின ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பையன் கணக்கில் தோற்றிருந்தான். ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி, "நூறு சதவீதம் குடுக்காதவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். நின்றோம். ஒவ்வொருவராகக் காரணம் சொல்ல வேண்டும். என் முறை வர முக்கால் மணி நேரமானது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் போல முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். "பையன் ஸ்கூலுக்கே சரியா வர்றதில்ல சார்" என்றேன். "நீங்க போய்க் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். இனி என் வகுப்பில் ஒருத்தரும் தோற்கக் கூடாது என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகளுக்காகத்தான் அப்படி முடிவு செய்ததாக அப்போது நம்பினேன்.

பதினாறு பக்கம் அப்படித்தான் வந்தது. கணக்குத் தாளில் வடிவியலுக்கு எட்டு மார்க், கிராப்புக்கு எட்டு, ஒரு மார்க் கேள்விகளுக்குப் பதினாலு. அதோடு நாலைந்து இரண்டு மார்க் கணக்கைப் போட்டுவிட்டால் முப்பத்தைந்தைத் தாண்டிவிடலாம். அந்த அளவுக்கு வேண்டியதை மட்டும் கையால் எழுதி, குத்தாலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் போட்டு, நானே ஸ்டேப்ளர் அடித்தேன். காலாண்டுத் தேர்வு மார்க்கை வைத்துப் பட்டியல் எடுத்தேன். மெல்லக் கற்போர் என்று அதற்கு அலுவலகப் பெயர். ஒன்பது பேர். பள்ளி விட்ட பிறகும் அவர்கள் ஆறு மணி வரை என்னோடு இருக்க வேண்டும்.

பட்டியலில் ஏழாவதாக ஒரு பெண். ஒல்லியாக இருப்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். காலாண்டில் கணக்குத் தேர்வுக்கே அவள் வரவில்லை. அதற்கு முன் நான் வைத்த இரண்டு டெஸ்டுக்கும் வரவில்லை. மார்க் இல்லையென்றால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் பட்டியல். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு எடுத்தவர் மாறுதலில் போய்விட்டார். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முதல் நாள் ஒன்பது பேரையும், பத்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரித்தேன். பாலிடெக்னிக் என்றார்கள், மாமாவோடு திருப்பூர் போகிறேன் என்றார்கள். இவள் எழுந்து, "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து அக்ரி படிக்கணும் டீச்சர்" என்றாள். மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"முதல்ல பாஸ் பண்ணு தாயே. அப்புறம் அக்ரியும் படிக்கலாம், ஆகாசத்துக்கும் போகலாம்" என்று அவள் கையில் அந்தப் பதினாறு பக்கத்தைக் கொடுத்தேன். "இதுல இருக்குறத மட்டும் படி. அஞ்சு மார்க் கணக்கு பக்கமே போகாதே."

"தெரிஞ்சா டீச்சர்?"

"தெரிஞ்சாலும் வேணாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய கணக்கில் கைவைத்து நேரத்தைத் தொலைத்துவிட்டு கிராப்பைக் கோட்டைவிடுவார்களே என்ற பயத்தில் ஒரு பொய்யும் சொன்னேன். பெரிய கணக்கை அரைகுறையாகப் போட்டு வைத்தால் திருத்துகிறவருக்குக் கோபம் வரும், சரியாக எழுதியதிலும் மார்க்கைக் குறைத்துவிடுவார் என்றேன். கூசாமல் சொன்னேன். ஒன்பது தலையும் ஆடியது.

அரையாண்டில் அவள் நாற்பத்தொன்று வாங்கினாள். என் புத்தகம் பலிக்கிறது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம். சம்பா அறுவடை ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கு எதிரே கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த நான், அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். கூம்பு வடிவ நெற்குவியலை மூட எவ்வளவு தார்ப்பாய் வேண்டும் என்கிற ஐந்து மார்க் கணக்கு. ஆரத்தையும் உயரத்தையும் வைத்து முதலில் சாயுயரம் கண்டுபிடித்து, பிறகு வளைபரப்பு. அடித்தல் திருத்தல் இல்லாமல் விடை வரை போட்டிருந்தாள். விடைக்குக் கீழே, 'காத்துல பறக்காம ஓரம் மடிச்சு மண்ணு போட இன்னும் கொஞ்சம் வேணும்' என்று ஒரு வரி.

"யாரைப் பாத்து எழுதின?"

"நானாத்தான் டீச்சர்."

"பொய் வேறயா? இது என்ன கீழ, கிண்டலா? உனக்கு என்ன சொல்லியிருக்கேன்?"

சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு அடுத்த தாளிலும் பதிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். அதன் பிறகு அவள் பதினாறு பக்கத்தைவிட்டு வெளியே போகவே இல்லை.

பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை அன்று நான் கேட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்தேன். வினாத்தாள் கைக்கு வந்ததும் புரட்டினேன். கிராப் சுலபம், வடிவியல் சுலபம், எனக்கு மூச்சு வந்தது. முடிவு வந்த காலை, செல்போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தேன். எல்லாரும் பாஸ். பள்ளியில் லட்டு கொடுத்தார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் படத்தை எங்கள் ஆசிரியர் குழுவில் போட்டு, வந்த கைதட்டல்களை எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்தாள். அம்மா நடவுக் கூலி வேலைக்குப் போகிறவர். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க ஆறு மணி வரைக்கும் ஒக்கார வச்சு சொல்லிக் குடுத்தீங்க டீச்சர். வேற யாரு செய்வா? இதுதான் ஒழுங்காப் படிக்கல. எல்லாத்துலயும் எம்பது எம்பதா வாங்கிட்டு, கணக்குல மட்டும் நாப்பத்தாறு வாங்கிட்டு வந்து நிக்குது. டவுன் ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப்பு கெடையாதுன்னுட்டாங்க."

மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அறிவியலில் எண்பத்தாறு. நான் என் பாடத்துக்குரிய கட்டத்தை மட்டும் பார்த்துப் பழகியவள். மற்றதை அன்றுதான் பார்த்தேன்.

"காலாண்டுக்கு ஏம்மா வரல இவ?"

"அப்பதானே டீச்சர் நான் வரப்புல வழுக்கி விழுந்து கைய முறிச்சுக்கிட்டேன். நடவு நேரம். ஆளு வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க, அப்புறம் சீசன் முழுக்கக் கூப்பிட மாட்டாங்க. எனக்குப் பதிலா இதுதான் மூணு வாரம் நட்டுச்சு."

அவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் அவளிடம் கேட்டேன்.

"அஞ்சு மார்க் கணக்கு எதுவும் தெரியலையா?"

"ஏழு தெரிஞ்சுது டீச்சர்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"நீங்கதான் வேணாம்னீங்க. சரியா எழுதினதுலயும் கொறைப்பாங்கன்னு சொன்னீங்க. ஒரு மணி நேரம் சும்மாதான் ஒக்காந்திருந்தேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

அப்போதுதான் அந்தத் தார்ப்பாய் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. ஓரம் மடித்து மண் போடுகிற விஷயத்தை அவள் யாரைப் பார்த்து எழுதியிருக்க முடியும்? எங்கள் பாடப்புத்தகத்தில் அது கிடையாது. வெட்கத்தில் எனக்குக் காது சூடானது. அம்மா திரும்பி வந்ததும், டவுன் பள்ளிக்கு மறுபடி போவோம் என்றேன். அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள், நான் ஸ்கூட்டியில் போனேன். வாய்க்கால் ஓரமாக வழிநெடுக என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

டவுன் பள்ளியின் தலைமையாசிரியை மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களே கணக்கு டீச்சர். நாப்பத்தாறுக்கு ஃபர்ஸ்ட் குரூப் குடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? பிளஸ் டூவுல இவ ஃபெயிலானா என் தலையிலதானே விடியும்? நானும்தான் கூட்டத்துல எழுந்து நிக்கணும்."

"ஒரே ஒரு கணக்கு குடுத்துப் பாருங்க மேடம்" என்றேன். அவர் உட்காரச் சொன்ன நாற்காலியில் நான் உட்காரவில்லை.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கடினமான ஐந்து மார்க் கணக்காகப் பார்த்து எழுதி மேசைமேல் தள்ளினார். "ஒரு இடம் இருக்கு. இதைப் போட்டுட்டா என் பொறுப்புல சேத்துக்கறேன். இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க."

அவள் பேனாவைத் திறந்தாள். கணக்கை ஒருமுறை படித்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. ஆனால் எழுதவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"எழுதட்டுமா டீச்சர்?"

அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எழுதுறதுக்கு எதுக்குடி டீச்சர்கிட்ட கேக்குற? டீச்சரா ஒன்ன எழுத வேணாம்னாங்க?"

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் வேணாம்னு சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தான் எழுத விடல." பிறகு அவளிடம், "எழுதும்மா" என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் என்னைக் கும்பிட்ட கையை மடியில் வைத்திருந்தார். அவர் ஏதாவது சொல்லட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் அதற்குள் மூன்றாவது வரிக்குப் போயிருந்தாள்.